முதலில் காசு, பொருள் பிறகு

எங்கள் மாடிக் கட்டடத்தின் லிப்டுக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். விற்பனையாளர்களும் நன்கொடை சேகரிப்பவர்களும் உள்ளே வரக் கூடாதாம். கொழும்பு வெள்ளவத்தையில் எத்தனையோ கட்டடங்களில் இப்படி ஒன்று தொங்குகிறது, புதினமில்லை. ஆனால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் இது நாட்கணக்கில் ஓடியது. ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் ஒருவர், இவர்களுக்கெல்லாம் மாநகர சபை லைசன்ஸ் வேண்டும், அது இல்லாமல் கதவைத் தட்டினால் பொலிசுக்கு அறிவிக்கலாம் என்று எழுதினார். நாலாம் மாடியில் இருக்கும் வயதான அன்ரி, "அப்ப எனக்கு மீன் ஆர் தம்பி கொண்டுவந்து தாறது?" என்று குரல் செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம்.

என்ன லைசன்ஸ், யார் கொடுக்கிறார்கள், யாருக்கு வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சரி, தேடிப் படிப்போம் என்று உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இதுதான்: கதவைத் தட்டுகிற ஆளை வைத்து விதி போடுவதில் பெரிய பயனில்லை. காசும் பொருளும் ஒரே நேரத்தில் கைமாறுகிறதா, இல்லை காசு இப்போது, பொருள் பிறகா என்பதை வைத்துத்தான் போட வேண்டும். மீனைத் தந்துவிட்டுக் காசு வாங்குபவரிடம் கேட்க வேண்டியது கொஞ்சம். காசை வாங்கிக்கொண்டு, "சாமான் அடுத்த கிழமை வரும்" என்றோ "இது ஒரு பிள்ளையின் இருதய ஒபரேஷனுக்குப் போகும்" என்றோ சொல்பவரிடம் கேட்க வேண்டியது நிறைய. நம்மூரில் நடப்பது அப்படியே தலைகீழ்.

முதலில் கையில் பொருளோடு வருகிறவர்களைப் பார்ப்போம். காலையில் மோட்டார் சைக்கிளில் ரிஜிபோம் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்காரர். பின்னேரம் அந்த ஒரே மெட்டை அலறவிட்டுக்கொண்டு பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோ. மரக்கறி லொறி. பழைய பேப்பரும் போத்தலும் எடுப்பவர். தும்புத்தடியும் ஈர்க்குக் கட்டும் தோளில் சுமந்து வருபவர். பருவகாலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கிழங்கும் புழுக்கொடியலும் கொண்டுவரும் ஒரு அக்கா, அவர் மாடி ஏறமாட்டார், கீழே நின்று போன் அடிப்பார். முந்தைய தலைமுறையைக் கேட்டால் சீனத் துணிக்காரர்களைப் பற்றிச் சொல்வார்கள். சீனாவிலிருந்து வந்து, சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, சிங்களமும் தமிழும் கலந்து பேசி வீடு வீடாக விற்றவர்கள். என் பெரியம்மாவின் கலியாணத்துக்கு ஒரு துணி அப்படி வாங்கியதுதான். மூட்டையைத் திண்ணையில் அவிழ்த்து, தடவிப் பார்த்து, விலை பேசி, பிடிக்காவிட்டால் திருப்பிக் கட்டச் சொல்லலாம்.

இவர்களுக்கு விதி இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக. 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் கொழும்பு மாநகர சபைக்கு உபவிதிகள் இயற்றும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. சந்தைகள், உணவு வியாபாரம், தெருவில் விற்பது, நடைபாதையை மறிப்பது எல்லாம் அந்த வட்டத்துக்குள் வருகின்றன. உபவிதி வர்த்தமானியில் வந்தால்தான் செல்லும். இதில் ஒரு சிக்கல், உபவிதி அந்தந்தச் சபையின் எல்லைக்குள் மட்டும்தான். வெள்ளவத்தையைத் தாண்டித் தெகிவளைக் கால்வாய்ப் பாலத்தைக் கடந்தால் அது தெகிவளை-கல்கிசை மாநகர சபை. அந்தப் பக்கம் கொலன்னாவைக்குப் போனால் நகர சபை, அதற்கு 1939 ஆம் ஆண்டின் சட்டம். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பிரதேச சபை, அதற்கு 1987 ஆம் ஆண்டின் சட்டம். ஒரு பாண் ஓட்டோக்காரர் ஒரு பின்னேரத்துக்குள் இரண்டு சபை எல்லையைத் தாண்டிவிடுவார். அவர் எந்தச் சபையிடம் போய் எத்தனை கடதாசி எடுப்பார்?

சபையோடு முடியவில்லை. உண்ணும் பொருள் என்றால் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீஎச்ஐ, மறித்துப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம், கெட்டுப்போனதை அழிக்கலாம், வழக்குப் போடலாம். நிறுத்து விற்றால் தராசு முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும், அதற்கு 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டம். பாண் என்றால் அதன் நிறைக்கே வர்த்தமானி இருக்கிறது: ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம். 2024 இல் வந்த அறிவித்தலின்படி முழுப் பாணில் 13.5 கிராமும் அரைப் பாணில் 9 கிராமும் குறையலாம், அதற்கு மேல் குறைந்தால் குற்றம். ஒலிபெருக்கி என்றால் பொலிஸ். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இலேயே சொல்லிவிட்டது, சூன் பாண்காரர் அந்த நேரத்தில் எப்படியும் வரப்போவதில்லை என்பது வேறு கதை.

இவ்வளவும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மீன் பெட்டியில் ஐஸ் இருக்கிறதா, தராசு சரியா என்று யாராவது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கவனியுங்கள், இவரிடம் நாம் ஏமாந்தாலும் அந்த ஒரு காலையோடு போச்சு. பாரை என்று வேறு எதையோ தந்தால் அன்ரி அடுத்த நாள் கீழே இறங்கி வந்து கேட்கிற கேள்வியில் அவர் இந்த ஒழுங்கைக்குள்ளேயே வரமாட்டார். தினமும் அதே தெருவுக்கு வருகிறவருக்கு அவருடைய முகமே உத்தரவாதம். அப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் சுலபமாக மறிக்கிறோம், ஏனென்றால் அவர் சறம் கட்டியிருக்கிறார், மீன் வாடை அடிக்கிறார், செக்கியூரிட்டி அண்ணை "எங்க போறீர்?" என்று கேட்டால் தலையைச் சொறிகிறார்.

இப்போது டை கட்டியவர்.

அறிவித்தல் ஒட்டிய பிறகும் எங்கள் கட்டடத்துக்குள் எந்தத் தடையும் இல்லாமல் ஏறி வந்தவர்கள் தண்ணீர் பில்டர் விற்கும் இரண்டு பெடியன்கள். அயர்ன் பண்ணின சட்டை, கழுத்தில் அட்டை, கையில் டப்லெட். "ஆன்டி, நாங்கள் விற்க வரவில்லை, இலவசமாத் தண்ணி செக் பண்ண வந்தனாங்கள்" என்றார்கள். கொம்பனியின் பெயரை எழுதப் போவதில்லை, இதே வித்தையைப் பல நாடுகளில் பல பேர் செய்கிறார்கள். வித்தை இதுதான். இரண்டு கிளாஸ், ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர்களுடைய பில்டர் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன மெஷினை இரண்டிலும் வைத்து மின்சாரம் கொடுப்பார்கள். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி மண்ணிறமாகித் திரண்டுவிடும். அவர்களுடையது பளிங்கு போல அப்படியே இருக்கும். "இதைத்தான் ஆன்டி பிள்ளைகளுக்குக் குடுக்கிறீங்கள்."

அந்த மண்ணிறம் தண்ணீரிலிருந்து வருவதில்லை, கம்பியிலிருந்து வருகிறது. கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது அது கரைந்து துருவாகிறது, அவ்வளவுதான். மின்சாரம் பாய வேண்டுமானால் தண்ணீரில் கொஞ்சம் உப்புகள் கரைந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் அவை இயல்பாகவே உண்டு, அவர்களுடைய பில்டர் அவற்றை வடித்துவிடுவதால் அங்கே மின்சாரம் பெரிதாகப் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. அடுத்த முறை யாராவது இந்த மெஷினை எடுத்தால் அவர்களுடைய கிளாசுக்குள் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் அப்படியே மண்ணிறமாகும். இன்னொரு மீட்டர் காட்டுவார்கள், இலக்கம் கூடினால் தண்ணீர் அழுக்கு என்பார்கள். அது கரைந்திருக்கும் உப்புகளின் அளவைச் சொல்லும், கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. செவ்விளநீருக்குள் விட்டால் இலக்கம் எங்கேயோ ஏறும், அதற்காக யாரும் செவ்விளநீரைக் கீழே ஊற்றுவதில்லை. கொழும்புக்குத் தண்ணீர் வருவது லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி கங்கையில் அம்பத்தளையிலிருந்தும், சுத்திகரித்து குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். உங்கள் கட்டடத்தின் மேல் தாங்கி எப்போது கழுவப்பட்டது என்பது நியாயமான கேள்வி. அதற்கு அந்த மெஷினிடம் பதில் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா முற்பணம் கட்டிவிட்டார். பில்டர் வரச் சுணங்கியது, போன் எடுத்தால் வேறு கிளை, வேறு ஆள். கடைசியில் வந்தது, ஆனால் காட்டிய மொடல் இல்லை. அவரிடம் இருந்த ஒரே கடதாசி, அந்தப் பெடியன் பேனையால் எழுதிக் கொடுத்த ஒரு துண்டு. அதில் கொம்பனியின் முத்திரை கூட இல்லை.

இங்கேதான் சட்டம் கடுமையாக இருந்திருக்க வேண்டும். இருப்பதைச் சொல்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, பிழையான தகவல் சொல்லி விற்பது குற்றம். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம். ஆனால் முறைப்பாடு செய்யக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. ஆகவே முற்பணம் என்று ஒரு சதம் கொடுப்பதற்கு முன்னால் கொம்பனியின் பதிவிலக்கம், விலாசம், மொடல் இலக்கம், எந்தத் திகதிக்குள் வரும், வராவிட்டால் காசு திரும்புமா, இது எல்லாவற்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கேளுங்கள். எழுத மாட்டேன் என்றால் கதவை மூடலாம், பாவம் பார்க்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சாளுக்கு இதைச் சொன்னபோது, அங்கே வீட்டு வாசலில் 25 டொலருக்கு மேல் ஏதாவது வாங்கினால் பொதுவாக மூன்று வேலை நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் ரத்துச் செய்யலாம் என்றாள். அது மத்திய அரசின் விதி. அதற்கு மேலே ஊருக்கு ஊர் தனி விதிகள். 1931 இல் வயோமிங் மாநிலத்தில் கிரீன் ரிவர் என்ற சின்ன ஊர், வீட்டுக்காரர் அழைக்காமல் விற்பனைக்காகக் கதவைத் தட்டுவதையே தடை செய்தது. அதைப் பார்த்து வேறு ஊர்களும் போட்டன, இன்றைக்கும் அந்த வகை விதிக்கு அந்த ஊரின் பெயர்தான். லண்டனில் இன்னும் விசேஷம். 1871 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, கால்நடையாக வீடு வீடாகப் போய் விற்பவர் பொலிசிடம் ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும், ஒரு வருடம் செல்லும். குதிரையோ வேறு சுமை மிருகமோ கூட வரக் கூடாது. இந்தியாவில் 2014 இல் தெரு வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாக்கவே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், ஊர் விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நடைமுறையில் எப்படி என்பதை அங்கிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும், ஆனால் விற்பவரையும் மேசையில் உட்காரவைத்து விதி எழுதுவது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அமெரிக்காவின் அந்த மூன்று நாள்தான் எனக்குப் பொறாமை. நமக்கும் ஒரு இடத்தில் அப்படி உண்டு. ஆயுள் காப்புறுதி எடுத்தால், பொலிசி கையில் கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். வீட்டுக்கு வரும் ஏஜன்ட் மாமா இதைத் தானாகச் சொல்வது அபூர்வம், நீங்களே கேளுங்கள். மற்றப் பொருட்களுக்கு அந்த மூன்று நாளைக் கையெழுத்துக்கு முன்னால் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்றால் அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்புறம், வாங்கச் சொல்லிவிட்டு "நீங்களும் நாலு பேரைச் சேர்த்தால் கொமிஷன்" என்று கதை மாறினால் அது வேறு வியாபாரம். ஆட்களைச் சேர்ப்பதிலிருந்தே காசு வரும் பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடை செய்கிறது. நடத்துபவர் மட்டுமல்ல, சேர்ப்பவரும் குற்றவாளி. உங்கள் சொந்தச் சித்தி வந்து விளக்கினாலும் அதே சட்டம்தான்.

இனிக் கையில் பொருளே இல்லாமல் வருபவர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் லமினேட் பண்ணிய கடிதம், ஒரு குழந்தையின் படம், வைத்தியசாலைத் துண்டு, கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து என்று ஒரு பைல். இவர்களில் உண்மையாகவே தேவையுள்ளவர்கள் இருக்கிறார்கள், அதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறேன். வைத்தியம் இலவசமான நாட்டிலும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் வெளியில் காசு கட்டி நொடிந்துபோன குடும்பங்கள் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே உண்டு. ஆனால் அந்தப் பைலைப் பார்த்து நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடியது மிகக் குறைவு. கிராம உத்தியோகத்தரின் கடிதம், இவர் என் பிரிவில் வசிக்கிறார், இன்ன நிலையில் இருக்கிறார் என்று சொல்லும். அதைக் காட்டிக் கொழும்பு முழுக்கக் காசு சேர்க்க அது அனுமதிப்பத்திரம் ஆகாது. பிரதி எடுத்த கடிதத்தில் வருடத்தைப் பாருங்கள், பல தடவை அதுவே போதும்.

இதற்குச் சட்டம் புதிதல்ல. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்திலேயே பொய்க் காரணம் சொல்லித் தர்மமும் சந்தாவும் சேர்ப்பது குற்றம். பழைய சட்டம், ஏழைகளைத் தெருவிலிருந்து அள்ளுவதற்கு அதைப் பயன்படுத்திய அளவுக்குப் பொய்ச் சந்தாக்காரரைப் பிடிக்கப் பயன்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. நிறுவனமாக வந்தால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பதிவு, மேற்பார்வைச் சட்டம் இருக்கிறது, அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் பதிவு செய்கிறது. சில அமைப்புகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனியாகப் பதிந்திருக்கும். எதுவாக இருந்தாலும் ஒரு பதிவிலக்கம் இருக்க வேண்டும், அதைக் கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது. கேட்டவுடன் "உங்களுக்கு மனமில்லாட்டி விடுங்கோ" என்று சொல்பவரை நான் அந்த இடத்திலேயே விட்டுவிடுவேன்.

நான் செய்வதைச் சொல்கிறேன். வாசலில் காசு கொடுப்பதில்லை, கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்கிறேன், "நாளைக்கு நேரில் வந்து தாறேன்" அல்லது "வங்கிக் கணக்குக்குப் போடுறேன்" என்கிறேன். உண்மையானவர் விலாசம் தருவார். போலி, நாளைக்கு ஒபரேஷன், இப்பவே வேணும் என்பார். இப்போது க்யூஆர் அட்டையோடும் வருகிறார்கள். ஸ்கேன் பண்ணினால் காசு போகும் பெயர் திரையில் வரும், அதை வாசித்துவிட்டு அழுத்துங்கள். அநாதை இல்லத்துக்கு என்று சொல்லித் தனி ஆளின் கணக்கு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நோயாளிக்கு உதவி வேண்டும் என்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி இருக்கிறது, பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்லி அனுப்புகிறேன், சிலருக்கு அது உண்மையாகவே தெரிந்திருப்பதில்லை.

கோயில் ரசீதுக்கு மட்டும் நாங்கள் எல்லோரும் மடங்கிவிடுகிறோம். "அம்மா, கும்பாபிஷேகம்" என்றவுடன் கை பர்சுக்குப் போகிறது. எந்த ஊர்க் கோயில், திருப்பணிச் சபையில் யார், வங்கிக் கணக்கு யார் பெயரில் என்று கேட்டால் சாமிக் குற்றம் வந்துவிடும் என்று ஒரு பயம். வெசாக் காலத்தில் தன்சலுக்கு, அதாவது இலவச உணவுப் பந்தலுக்கு, என்று தெருவில் தகர டப்பாவைக் குலுக்கும் பெடியன்களிடமும் நாங்கள் கேட்பதில்லை, இங்கே பயம் வேறு மாதிரி. தன்சலாவது பீஎச்ஐயிடம் பதிய வேண்டும், சாப்பாடு சுத்தமா என்று பார்ப்பார்கள். டப்பாவுக்குள் விழுந்த காசு எங்கே போனது என்று யார் பார்க்கிறார்கள்? கணக்கு எழுதி மண்டபத்தில் தொங்கவிடும் கோயில்களும் உண்டு, என்னுடைய காசு அங்கே போகும்.

பெரிய அளவில் சேர்த்தும் ஒழுங்காகச் செய்யலாம் என்பதற்கு 2011 இல் நடந்த ட்ரெயில் நடைபயணம் ஒரு உதாரணம். தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்தார்கள், 2016 இல் மறுபக்கமாக நடந்து கராப்பிட்டியவுக்கு. யார் சேர்க்கிறார்கள், எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். தெல்லிப்பழைக்குப் போனால் கட்டடத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, சரி, எல்லாச் சேகரிப்புக்கும் அரசாங்கம் இறுக்கமாக லைசன்ஸ் போட்டால் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். எங்கள் மனேஜர் ஐயாவும் அப்படித்தான் எழுதினார். அவருக்கு நான் சொன்னது சூரியமல் கதை. முதலாம் உலகப் போர் நினைவு நாளான நவம்பர் 11 ஆம் திகதி பொப்பிப் பூ விற்றுச் சேரும் காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போகிறது, இலங்கையின் முன்னாள் போர்வீரர்களுக்குப் போதியது கிடைப்பதில்லை என்று 1931 இல் ஏலியன் பெரேரா என்பவர் சிங்களத்தில் சூரியமல் எனப்படும் பூவரசம்பூவைப் போட்டிக்கு விற்கத் தொடங்கினார். 1933 இல் இளைஞர் கழகங்கள் அதைக் கையில் எடுத்தன, டொரீன் யங், பிற்காலத்தில் டொரீன் விக்கிரமசிங்க, அதன் முன்வரிசையில் நின்றார். 1934 இல் மலேரியாக் கொள்ளை நோய் வந்தபோது கிராமங்களுக்கு உதவப் போனவர்களும் இந்தக் கூட்டம்தான். பொப்பிப் பூவோடு ஒப்பிட்டால் சேர்ந்த காசு சிறிது, வாங்கியவர்களும் பெரிய வசதிக்காரர்கள் இல்லை. ஆனாலும் காலனித்துவ அரசுக்கு அது உறுத்தியது. அதை மடக்கக் கொண்டுவந்த ஆயுதம் என்ன தெரியுமா? தெருவில் காசு சேர்ப்பதை ஒழுங்குபடுத்தும் கட்டளைச் சட்டம்.

அமெரிக்காவிலும் இதே தகராறு வந்தது. ஒஹாயோவில் ஸ்ட்ராட்டன் என்ற ஒரு சின்னக் கிராமம், கதவைத் தட்ட விரும்புபவர் எவரும் முதலில் அனுமதி எடுக்க வேண்டும் என்று விதி போட்டது. வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்கும் யெகோவாவின் சாட்சிகள் என்ற மதக் குழுவினர் வழக்குப் போட்டார்கள். 2002 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், மதத்தையோ கொள்கையையோ பேசப் போகிறவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட அரசாங்கத்திடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று தீர்த்தது. அந்தச் சாட்சிகள் வெள்ளவத்தைக்கும் வருகிறார்கள், இருவர் இருவராக, மிக மரியாதையாக. வேண்டாம் என்றால் புன்னகைத்துவிட்டுப் போகிறார்கள். காசு கேட்காமல் கதைக்க மட்டும் வருபவருக்கு எதற்கு லைசன்ஸ்? வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை போதும். அமைப்புகளைப் பதிவு செய்கிற சட்டத்தை எந்த அரசாங்கம் எந்த அமைப்பின்மேல் எப்போது இறுக்கும் என்பது வடக்கு கிழக்கில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே லைசன்ஸ் அதிகாரத்தை அள்ளிக் கொடுக்க நான் தயாரில்லை. முற்பணம் வாங்குபவருக்கும் நன்கொடை வாங்குபவருக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு கட்டாயம், ரத்துச் செய்ய சில நாள் அவகாசம் கட்டாயம், சேர்த்த காசுக்குக் கணக்கு கட்டாயம். தட்டுவதற்கு அனுமதி வேண்டாம், வாங்கிய காசுக்குப் பொறுப்பு வேண்டும். மீன்காரருக்கு ஒரே ஒரு அட்டை, கொழும்பு மாவட்டம் முழுக்கச் செல்லும்படி, குறைந்த கட்டணத்தில். சபைகள் ஒன்றுகூடி இதைச் செய்வார்களா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு.

கட்டடங்களைப் பொறுத்தவரை, கூட்டாதனங்களின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புகளின், முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்குப் பொது இடங்களுக்கு விதி போடும் உரிமை உண்டு, ஆகவே படியையும் லிப்டையும் மூடலாம், அதில் சட்டப் பிழை இல்லை. ஆனால் மூடினால் எல்லோருக்கும் மூட வேண்டும், டை கட்டியவருக்கும் சேர்த்து. மீன்காரர் கேற்றடியில் நிற்கட்டும், இன்டர்கொம்மில் கூப்பிடட்டும், வேண்டியவர் இறங்கிப் போகட்டும். நன்கொடை கேட்பவர் கடிதத்தின் பிரதியைச் செக்கியூரிட்டி மேசையில் வைத்துவிட்டுப் போகட்டும்.

ஒரு விடயத்தில் மட்டும் இந்தப் பற்றுச்சீட்டுக் கதை எதுவும் பொருந்தாது. ஊதுபத்திப் பைக்கற்றோ வாழ்த்து அட்டையோ கையில் வைத்துக்கொண்டு தனியாக வரும் சின்னப் பிள்ளைகள். பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவோடு கடைக்கு உதவியாக நிற்பது வேறு. பாடசாலை நேரத்தில், ஒழுங்கை முனையில் யாரோ ஒருவர் ஓட்டோவில் காத்திருக்க, வீடு வீடாக ஏறி இறங்கும் பிள்ளை வேறு. பிள்ளைகளைப் பிச்சை எடுக்கவைப்பது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம், ஊதுபத்தியைக் கையில் கொடுத்துவிட்டதால் அது எப்போதும் வியாபாரமாகிவிடாது. பத்து ரூபாய் கூடக் கொடுத்தால் நன்மை என்று நினைக்கிறோம், அந்தக் காசு ஓட்டோவுக்குள் இருப்பவரிடம் போகிறது, நாளைக்கும் அதே பிள்ளை வரும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். பிள்ளையை மிரட்ட வேண்டாம், படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். ஒழுங்கையின் பெயர், நேரம், ஓட்டோ நின்றால் அதன் இலக்கம், இவ்வளவையும் குறித்துக்கொண்டு அழையுங்கள்.